முப்பது ஷில்லிங் யாருடையது?

1911இல் பிரிட்டனில் தேசியக் காப்பீட்டுச் சட்டம் வந்தபோது, அதைக் கொண்டுவந்த லாய்டு ஜார்ஜின் கணக்கு எளிமையாக இருந்தது: நான்கு பென்னி கொடு, ஒன்பது பென்னி பெறு. ஆண் தொழிலாளி வாரத்துக்கு நான்கு, முதலாளி மூன்று, அரசு இரண்டு. நோயில் படுத்தால் வாரம் பத்து ஷில்லிங். மருத்துவருக்குத் தனியாகக் காசில்லை. பெண் தொழிலாளி மூன்று பென்னி கட்டினாள். அவளுக்கு ஏழரை ஷில்லிங்.

வீட்டிலிருக்கும் மனைவி? அவள் கூலி வாங்காதவள். எனவே சந்தா இல்லை, சந்தா இல்லாததால் மருத்துவரும் இல்லை. ஒரே வீட்டில் ஒரே காய்ச்சல் கணவனுக்கு வந்தால் காப்பீடு, மனைவிக்கு வந்தால் கைக்காசு.

பிரசவம் மட்டும் விலக்கு. காப்பீடு செய்த ஆணின் மனைவி பிள்ளை பெற்றால் முப்பது ஷில்லிங். ஆனால் சட்டப்படி அந்தப் பணம் கணவனுடையது! கூட்டுறவு மகளிர் சங்கம் இதை எதிர்த்தது. அதன் உறுப்பினர்களில் பெரும்பாலோர் தொழிலாளர் மனைவிகள். செயலாளர் மார்கரெட் லெவலின் டேவிஸ். பணத்தைத் தாயிடம் கொடுப்பது கணவன்மாரை அவமதிப்பதாகும் என்ற வாதம் எழுந்தது. தொழிலாளர் கட்சிக்குள்ளும் எதிர்ப்பு இருந்தது (ஆச்சரியப்பட ஒன்றுமில்லை). 1913இல் சட்டம் திருத்தப்பட்டது. அந்த முப்பது ஷில்லிங் தாயின் சொத்தானது.

1915இல் சங்கம் தன் உறுப்பினர்களின் 160 கடிதங்களை நூலாக்கியது. கர்ப்பத்தில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பேறுகாலச் செலவுக்குச் சேர்த்தவர்கள், வலி எடுக்கும்வரை துணி துவைத்தவர்கள், கலைந்த கருக்களை எண்ணிச் சொன்னவர்கள் அதில் எழுதினார்கள். நோயின் பொருளாதாரம் பற்றி நான் படித்தவற்றில் இதற்கு இணையான ஆவணம் குறைவு.

இதற்கிடையில் காப்பீட்டுக் கணக்கர்களுக்கு வேறு கவலை. பெண் தொழிலாளர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக உதவித்தொகை கோரினார்கள். பாசாங்கு என்ற சந்தேகம் கிளம்பி விசாரணைக் குழு அமைந்தது. அதில் இருந்த தொழிற்சங்கத் தலைவி மேரி மெக்கார்தர் குழுவோடு உடன்படாமல் தனி அறிக்கை தந்தார்: குறைந்த கூலியும் வறுமையும்தான் பெண்களை நோயாளிகளாக்குகின்றன. அந்தக் குரல் நிலைக்கவில்லை. 1932இல் மணமான பெண்களின் உதவித்தொகை குறைக்கப்பட்டது. அதிகம் நோயுறுகிறவர்களுக்குக் குறைவாகக் கொடுப்பது காப்பீட்டுக் கணக்கில் தவறே அல்ல.

1948 ஜூலை 5 அன்று தேசிய சுகாதார சேவை தொடங்கியது. செலவின் பெரும்பகுதி வரிப்பணத்திலிருந்து; சிகிச்சை பெறச் சந்தா அட்டையும் வேண்டாம், கணவனின் வேலையும் வேண்டாம். முதல் மாதங்களில் மருத்துவர்களிடம் வந்த பெண்களில் பலருக்குக் கருப்பை இறங்கியிருந்தது. அடியிறக்கம் என்று நம் பாட்டிமார் தாழ்ந்த குரலில் சொல்வார்களே, அதுதான். பல ஆண்டுகளாக அதைத் துணியால் தாங்கிக்கொண்டே சமைத்து, துவைத்து, மீண்டும் பிள்ளை பெற்றிருந்தார்கள்.