கேட்க ஒரு லைசென்ஸ், பேச ஒரு லைசென்ஸ்

வானொலிப் பெட்டி வைத்துக்கொள்ள லைசென்ஸ் வாங்க வேண்டிய காலம் ஒன்று இருந்தது. சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்புவதில்லை. கடையில் பெட்டி வாங்கினால் மட்டும் போதாது. தபால் ஆபீசுக்கு வந்து ஆண்டுதோறும் பணம் கட்டி, லைசென்ஸ் புத்தகத்தில் ஸ்டாம்பு ஒட்டி, முத்திரை குத்திக்கொண்டு போக வேண்டும். 1980-களின் நடுவில்தான் அந்த வழக்கம் ஒழிந்தது. அதற்கு முன்பே தபால் துறையில் சேர்ந்துவிட்டதால் நானும் கவுண்டரில் உட்கார்ந்து அந்த முத்திரையைக் குத்தியிருக்கிறேன். மரக்காணம் பக்கத்து உப்பள வேலைக்காரர்களில் சொந்தமாகப் பெட்டி வைத்திருந்தவர்கள் குறைவு. டீக்கடைப் பெட்டிதான் ஊருக்கே பெட்டி.

இப்படிக் கேட்பதற்கு லைசென்ஸ் கொடுத்தோம். பேசுவதற்கு லைசென்ஸ் எப்போது வந்தது, யாருக்கு வந்தது? குறிப்பாக, இளம் பிள்ளைகள் தங்கள் ஊர்க் கதையைத் தாங்களே வானொலியில் சொல்லும் நிலை எப்படி வந்தது? எனக்குத் தெரிந்த வரலாற்றை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. நம் கரைக்கும் அதில் ஒரு வேலை இருக்கிறது.

ஸ்டூடியோவுக்குள் பிள்ளைகள்

தமிழ்நாட்டில் வானொலியின் கதை 1924-ல் தொடங்குகிறது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டி என்பவர் முன்னின்று தொடங்கிய சென்னை மாகாண வானொலிக் கழகம் அந்த ஆண்டு ஜூலை 31-ம் தேதி ஒலிபரப்பை ஆரம்பித்தது. பணமில்லாமல் 1927-ல் நின்றுபோனது. பிறகு சென்னை மாநகராட்சி 1930 ஏப்ரல் முதல் அதை எடுத்து நடத்தியது. 1938 ஜூன் 16-ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது. மறு ஆண்டு திருச்சி. எங்கள் பக்கத்துக்கு நெருக்கமான புதுச்சேரி நிலையம் 1967-ல்தான் வந்தது.

சிறுவர் நிகழ்ச்சிகள் அந்தக் காலத்து வானொலிக்கு ஒரு பெருமை. சென்னை வானொலியில் கூத்தபிரான் சிறுவர் நிகழ்ச்சி நடத்தியதால் அவருக்கு ‘வானொலி அண்ணா’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கை வானொலியில் ‘வானொலி மாமா’ சரவணமுத்து நடத்திய ‘சிறுவர் மலர்’ இருந்தது. பின்னாளில் தமிழ் உலகம் முழுவதும் அறிந்த பி.எச். அப்துல் ஹமீது அந்த நிகழ்ச்சியில் சிறுவனாகக் குரல் கொடுத்து வளர்ந்தவர். இலங்கை வானொலி எங்கள் கரையில் எவ்வளவு தெளிவாகக் கேட்கும் என்பது அறுபது வயது தாண்டிய வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1969-ல் டில்லியில் ‘யுவவாணி’ என்று இளைஞர்களுக்கான ஒலிபரப்பு தொடங்கியது. பதினைந்து முதல் முப்பது வயது வரை உள்ளவர்களுக்கு. தமிழில் அது ‘இளைய பாரதம்’ என்று வந்தது. கல்லூரிப் பிள்ளைகள் கதை படித்தார்கள், உரையாடல் நடத்தினார்கள், நாடகத்தில் நடித்தார்கள். எத்தனையோ எழுத்தாளர்களும் அறிவிப்பாளர்களும் உருவான இடம் அது. குறை சொல்வதற்கில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஸ்டூடியோ நகரத்தில் இருந்தது. பிள்ளைதான் அங்கே போக வேண்டும். பேசப் போவதை முன்கூட்டியே தாளில் எழுதிக் காட்ட வேண்டும். உச்சரிப்பு திருத்தமாக இருக்க வேண்டும். உப்பளத்தில் வேலை செய்பவர் வீட்டுப் பிள்ளை தன் வீட்டுப் பேச்சோடு அந்தக் கதவைத் தாண்டுவது எளிதா? வானொலியில் எங்கள் கரையைப் பற்றி என்ன வரும் என்றால், மீனவர்களுக்கான வானிலை அறிக்கை வரும். அதுவும் மிகவும் தேவையானதுதான். உயிர் காக்கிற செய்தி. ஆனால் எங்களை நோக்கிப் பேசப்பட்டதே தவிர, எங்களிலிருந்து பேசப்பட்டது அரிது.

அப்படிப் பேசினால் வானொலிக்கு என்ன சக்தி வரும் என்பதற்குத் தஞ்சாவூரில் ஒரு அடையாளம் உண்டு. 1960-களில் ஆடுதுறை 27 என்ற புதிய நெல் ரகத்தை திருச்சி வானொலியின் விவசாய நிகழ்ச்சி மூலமாகவே உழவர்கள் தெரிந்துகொண்டார்கள். ரகத்தின் எண் யாருக்கும் நினைவில்லை. ‘ரேடியோ நெல்’ என்றே கடையில் கேட்டு வாங்கினார்கள். தங்கள் வயலைப் பற்றிய பேச்சு என்றால் ஜனங்கள் காது கொடுக்கிறார்கள்.

பேசுவதற்கு அனுமதி

1995 பிப்ரவரி 9-ம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. வழக்கு என்னவோ கிரிக்கெட் போட்டியை யார் ஒளிபரப்புவது என்பது பற்றியதுதான். ஆனால் அலைவரிசை என்பது பொதுச் சொத்து, அது அரசின் தனியுரிமை ஆகாது என்று நீதிபதிகள் சொன்னது வானொலிக்கும் வழி திறந்தது. 2002 டிசம்பரில் கல்வி நிறுவனங்கள் சிறிய நிலையங்கள் நடத்த மத்திய அரசு இசைந்தது. அதன்படி நாட்டிலேயே முதலாவதாக வந்தது நம் சென்னையில் உள்ள அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம்., 2004 பிப்ரவரி 1-ல். 2006 நவம்பரில் தொண்டு நிறுவனங்களுக்கும் இந்த அனுமதி விரிந்தது. இதைத்தான் சமூக வானொலி என்கிறோம்.

நிபந்தனைகள் உண்டு. சக்தி 100 வாட்தான். சாதாரணமாகப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வரை கேட்கும். கோபுரத்தின் உயரத்துக்கு வரம்பு 30 மீட்டர். சொந்தமாகச் செய்தி சேகரித்து வாசிக்கக் கூடாது. அதே சமயம், நிகழ்ச்சிகளில் பாதியாவது அந்த ஊரிலேயே, ஊர் மக்களின் பங்கோடு தயாரானதாக இருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனைதான் முக்கியம். ஊர்ப் பிள்ளையின் வீட்டுப் பேச்சுக்கு வானொலியில் இடம் கொடுக்க வேண்டும் என்று சட்டமே சொன்னது அப்போதுதான்.

திருச்சியில் ஹோலி கிராஸ் கல்லூரி மாணவிகள் பக்கத்துக் குடிசைப் பகுதிப் பெண்களோடு சேர்ந்து நிகழ்ச்சி தயாரித்தார்கள். நாகப்பட்டினம் மாவட்டம் விழுந்தமாவடியில், சுனாமிக்குப் பின் தானம் அறக்கட்டளை ‘களஞ்சியம்’ சமூக வானொலியைத் தொடங்கியது. பேரிடர் வந்தால் என்ன செய்வது என்பதே அதன் முக்கிய நோக்கம். பாம்பனில் 2016 ஆகஸ்ட் 15 அன்று ‘கடல் ஓசை’ 90.4 தொடங்கியது. மீனவர்களுக்காக மீனவ சமுதாயமே நடத்தும் வானொலி. மைக் முன் உட்காருவது மீனவக் குடும்பத்து இளைஞர்கள். அவர்கள் பேசும் தமிழ் பாம்பன் கரைத் தமிழ். காற்றின் பெயர், நீரோட்டத்தின் பெயர், மீனின் பெயர் எல்லாம் அகராதியைப் பார்த்துச் சொல்வதில்லை. வீட்டில் அப்பா சொன்ன பெயரையே சொல்கிறார்கள்.

பத்து ஆண்டு காத்திருந்தவர்கள்

தெலங்கானாவில், அன்றைய ஆந்திரத்தில், பஸ்தாபூர் என்ற கிராமத்தில் நடந்ததையும் இங்கே சொல்லியாக வேண்டும். அங்கே தக்காண வளர்ச்சிச் சங்கத்தில் இருந்த தலித் பெண்கள் 1990-களின் கடைசியிலேயே ஒலிப்பதிவு செய்யக் கற்றுக்கொண்டார்கள். நரசம்மா என்ற ஒரே பெயருள்ள இரண்டு இளம் பெண்கள்தான் அதற்கு முன்னால் நின்றவர்கள். விதை, சிறுதானியம், பாட்டு, வைத்தியம், பண்டிகை என்று பதிவு செய்து குவித்தார்கள். ஆனால் ஒலிபரப்ப லைசென்ஸ் இல்லை. என்ன செய்வது? கேசட்டை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய், பெண்கள் கூடும் இடத்தில் போட்டுக் காட்டினார்கள். ஏறத்தாழ பத்து ஆண்டு இப்படியே ஓடியது. 2008 அக்டோபர் 15-ல் ‘சங்கம் ரேடியோ’ ஒலிபரப்பு தொடங்கியபோது, கல்லூரிகளுக்கு வெளியே மக்கள் நடத்தும் நாட்டின் முதல் சமூக வானொலியாக அது அமைந்தது. அனுமதி வரும் வரை அவர்கள் சும்மா இருந்திருந்தால் அந்தப் பத்து ஆண்டுப் பேச்சு எதுவும் மிஞ்சியிருக்காது.

பிள்ளைகள் கையில் மைக்கைக் கொடுத்துப் பார்க்கும் முயற்சி வெளிநாட்டிலும் அதே காலத்தில் நடந்திருக்கிறது. 1993-ல் அமெரிக்காவின் சிகாகோவில் டேவிட் ஐசே என்ற வானொலித் தயாரிப்பாளர், லீஆலன் ஜோன்ஸ், லாயிட் நியூமன் என்ற இரண்டு சிறுவர்களிடம் டேப் ரெக்கார்டரைக் கொடுத்தார். ஒருவனுக்கு வயது 13, மற்றவனுக்கு 14. ஏழைக் கறுப்பின மக்கள் வாழும் அரசுக் குடியிருப்புப் பகுதியில் வளர்ந்தவர்கள். பத்து நாள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே பதிவு செய்தார்கள். ஒருவன் தன் பாட்டியிடம் பேசினான். இன்னொருவன் குடிக்கு அடிமையான தன் அப்பாவிடம் கேள்வி கேட்டான். அந்த அப்பாவிடம் எந்த நிருபர் போயிருந்தாலும் அப்படிப் பதில் கிடைத்திருக்காது. அதன்பின் அதே இருவர், தங்கள் பகுதியில் ஐந்து வயதுக் குழந்தை ஒன்று பதினான்காம் மாடியிலிருந்து தள்ளிக் கொல்லப்பட்டது பற்றி ஒரு நிகழ்ச்சி தயாரித்து, 1996-ம் ஆண்டுக்கான பீபடி விருதைப் பெற்றார்கள். ஒலிபரப்பு உலகில் அது பெரிய விருது. அதுவரை அவ்வளவு இளம் வயதில் அதை யாரும் வாங்கியதில்லை.

உப்பளக் கரைக்கு என்ன?

இப்போது மரக்காணத்துக்கு வருவோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் இரண்டு பக்கமும் வெள்ளையாகக் குவிந்த உப்பு அம்பாரங்களைப் பார்த்து காரை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். சுமார் 3,000 ஏக்கர் உப்பளம். சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. பூமீசுவரர் கோயில் சுவரில் சோழர் கல்வெட்டுகள் இருக்கின்றன. வடக்கே ஆந்திரத்திலிருந்து வரும் பக்கிங்காம் கால்வாய் இங்கே வந்துதான் முடிகிறது. படகுப் போக்குவரத்து இருந்த நாளில் உப்பு அதன் வழியாகச் சென்னைக்குப் போனது. தெற்கே கழுவேலி; 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

இவ்வளவும் புத்தகத்தில் கிடைக்கும். கிடைக்காதது ஒன்று உண்டு. உப்பு எப்படி எடுக்கிறார்கள் என்பதை அதை எடுப்பவர் வாயால் கேட்க முடியாது. பாத்தியை மிதித்து இறுக்குவது, தண்ணீரை ஒரு பாத்தியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது, அது 25 டிகிரி அடர்த்திக்கு வந்ததும் உப்பு இறங்குவது, அதைப் பலகையால் வாரிக் கரையேற்றுவது என்று ஒவ்வொன்றிலும் ஒரு பக்குவம். கருவி இல்லாமலே தண்ணீரைக் கையில் தொட்டுப் பார்த்துப் பதம் சொல்லும் பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். வெயிலில் கண் கூசுவதையும், காலில் புண் ஆறாமல் இருப்பதையும், மழைக்காலத்தில் வேலையில்லாமல் மாதக்கணக்கில் வீட்டில் இருப்பதையும் அவர்கள்தான் சொல்ல முடியும். 2004 சுனாமி, 2011 தானே புயல், 2024 நவம்பரில் ஃபெஞ்சல் புயல் என்று ஒவ்வொன்றும் இந்தக் கரையைத் தொட்டுவிட்டுப் போனது. அந்த நாட்களில் யார் யாருக்குக் குரல் கொடுத்தார்கள், எந்த மேட்டில் ஏறி நின்றார்கள் என்பதெல்லாம் இன்னும் நினைவில் இருக்கிறது. நினைவு வைத்திருப்பவர்களுக்குத்தான் வயதாகிறது. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் உப்பளத்துக்குப் போவதில்லை. ஒரகடத்துக்கும் சென்னைக்கும் கம்பெனி வேலைக்குப் போகிறார்கள். அது நல்லதுதான். ஆனால் கேட்டு வைக்க வேண்டியதைக் கேட்காமல் போகிறார்கள்.

நமக்குப் பக்கத்தில் உள்ள சமூக வானொலி, காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் நடத்தும் ‘புதுவை வாணி’ 107.8. மாணவர்கள் பங்கு பெறும் நிலையம். ஆனால் காலாப்பட்டிலிருந்து மரக்காணம் இருபது கிலோமீட்டருக்கு மேல். சட்டம் தந்த பத்துப் பதினைந்து கிலோமீட்டர் எங்கள் உப்பளத்துக்கு முன்பே நின்றுவிடுகிறது.

அதனால் லைசென்ஸ் வரட்டும் என்று உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. பஸ்தாபூர்ப் பெண்கள் கேசட்டில் செய்ததை நம் பிள்ளைகள் போனில் செய்யலாம். பெரிய செலவு கிடையாது. எனக்குத் தெரிந்த மட்டில் நான்கு விஷயம் பார்த்துக்கொண்டால் போதும். கடற்கரைக் காற்று மைக்கில் அறைந்து பேச்சைக் கெடுக்கும். ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு காற்றுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். பேச ஆரம்பிக்கும் முன் ஒரு நிமிடம் இடத்தின் சத்தத்தை மட்டும் பதிவு செய்ய வேண்டும்; பலகை உப்பை இழுக்கும் ஓசை ஒன்றே பாதிக் கதையைச் சொல்லிவிடும். ‘ஆமாம், இல்லை’ என்று முடியும் கேள்வியைக் கேட்கக் கூடாது. ‘அன்னிக்கு என்னா நடந்துச்சு தாத்தா?’ என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். கடைசியாக, பதிவு செய்ததைப் பேசியவருக்கே முதலில் போட்டுக் காட்டி, வெளியே சொல்ல அவர் சம்மதம் வாங்க வேண்டும். கூலி, முதலாளி என்று ஏதாவது சொல்லியிருப்பார். அவருக்குத் தொந்தரவு வந்துவிடக் கூடாது.

பத்து நிமிடக் கதைகள் பத்து சேர்ந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோயில் திடலிலோ பள்ளிக்கூடத்திலோ ஸ்பீக்கர் வைத்து ஊருக்கே போட்டுக் காட்டலாம். நன்றாக வந்தவற்றைப் புதுவை வாணிக்கோ புதுச்சேரி வானொலிக்கோ எழுதிக் கேட்டுப் பார்க்கலாம். நாளைக்கு இங்கேயே ஒரு நிலையத்துக்கு விண்ணப்பம் போடும்போது, கையில் என்ன இருக்கிறது என்று கேட்டால் காட்டுவதற்கும் உதவும்.

இதைப் படிக்கும் ஆசிரிய நண்பர்கள் மரக்காணம், கூனிமேடு, அனுமந்தை பக்கம் இருந்தால், இந்த உப்பு சீசனிலேயே ஒன்பதாம் வகுப்பில் நான்கு பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து ஆரம்பித்துப் பாருங்கள். முதல் கேள்வியைத் தங்கள் வீட்டுத் தாத்தா பாட்டியிடமே கேட்கச் சொல்லுங்கள்.