ஊவா மலையில் காதலுக்கு ஓர் அறை

மலையக எழுத்து என்றாலே கண்ணீரும் கொழுந்துக் கூடையும்தானா, அங்கே யாரும் காதலிப்பதே இல்லையா என்று தமிழ்நாட்டு நண்பர்கள் சிலர் கேட்பதுண்டு. இந்தக் கேள்வியை எதிர்கொள்ளும்போதெல்லாம் என் நினைவுக்கு வருபவர் தெளிவத்தை ஜோசப். விருதுகள் பல பெற்ற நாவலாசிரியர். பதுளை மண் தந்த எழுத்தாளர். காதலையும் எழுதியவர்தான். ஆனால் அந்தக் காதல் எந்த இடத்தில் நிகழ வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்து எழுதினார். அதனால்தானோ என்னவோ, அவரை யாரும் காதல் கதாசிரியர் என்று அழைக்கவில்லை.

1934 பெப்ரவரியில் ஹாலிஎலவுக்கு அருகிலுள்ள ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்தார். கொழும்பிலிருந்து மலையேறும் ரயில் பாதை பதுளையில் வந்து முடிந்து அப்போது பத்தாண்டுகளே ஆகியிருந்தன. தகப்பனார் தோட்டப் பள்ளி ஆசிரியர். சிறுவன் ஜோசப் சில ஆண்டுகள் கும்பகோணத்திலும் படித்தார். பின்னர் பதுளைக்கே திரும்பினார். 1948 குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களை நாடற்றவர்களாக்கியபோது அவருக்கு வயது பதினான்கு. தெளிவத்தைத் தோட்டத்தில் பணியாற்றிய காலத்தில் எழுதத் தொடங்கி, அந்தத் தோட்டத்தின் பெயரையே தம் பெயருக்கு முன்னால் சூட்டிக்கொண்டார். ஊர்ப்பெயரைச் சேர்த்துக்கொள்வது ஈழத்து எழுத்தாளரிடையே புதிதல்ல. ஆனால் ஊர் என்று சொல்லிக்கொள்ளச் சட்டப்படி உரிமையற்றிருந்த ஒரு சமூகத்தின் மனிதர் தோட்டத்தின் பெயரைச் சூடுவது வேறு காரியம்.

தமிழ்நாட்டில் வெளிவந்த ‘உமா’ என்ற இதழ்தான் 1963 இல் அவருடைய முதல் கதைக்கு இடம் தந்தது. அடுத்த ஆண்டே சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதர்கள் கணக்குப் புத்தகத்தில் பிரிக்கப்பட்டார்கள். எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தார்கள். அதே அறுபதுகளில் வீரகேசரியின் ஆசிரிய பீடத்திலிருந்த எஸ்.எம். கார்மேகம் மலையக எழுத்தாளர்களை ஊக்குவித்துச் சிறுகதைப் போட்டிகள் நடத்தினார். பரிசுக் கதைகள் 1971 இல் ‘கதைக் கனிகள்’ என்ற நூலாயின. ஜோசப்பின் பெயர் பரவலாகத் தெரியவந்தது இந்தப் போட்டிகளின் வழியாகத்தான். மலையகத்தில் ஓர் இலக்கியத் தலைமுறை உருவானதில் நாளிதழ் ஒன்றுக்கு இருந்த பங்கை நம் இலக்கிய வரலாற்றாசிரியர்கள் போதிய அளவு மதிப்பிடவில்லை என்பது என் கருத்து. பத்திரிகைக்காரன் என்பதால் சொல்லும் பெருமை என்று யாரேனும் எண்ணினாலும் பாதகமில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் தென்னிந்திய சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. அந்த வெற்றிடத்தில் வீரகேசரிப் பிரசுரங்கள் மலிவு விலையில் வாசகரைச் சென்றடைந்தன. வன்னிக் காட்டுப் பின்னணியில் எழுதப்பட்ட அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ 1973 இல் அவ்வரிசையில் வந்து சாகித்திய விருதும் பெற்றது. மறு ஆண்டு ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’ நாவல் வெளிவந்தது. தோட்டங்களில் பஞ்சம் தலைவிரித்தாடிய காலம் அது. 1975 இல் வி.பி. கணேசன் தயாரித்த ‘புதிய காற்று’ திரைப்படத்துக்கும் கதை இவருடையதே.

இப்போது அந்தக் காதல் கேள்விக்கு வருவோம். காதல் கதைக்கு முதலில் வேண்டியது கதவுள்ள ஓர் அறை. லயத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது ஏறத்தாழ பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்றும் முன்னால் சிறிய தாழ்வாரமும்தான். சமையல், உறக்கம், பிரசவம், மரணம் எல்லாம் அதற்குள்ளேயே. நடுச்சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். பிள்ளைகள் வளர்ந்தபின் கணவனும் மனைவியும் எங்கே ஒதுங்குவது? இதைத்தான் ‘மீன்கள்’ சிறுகதையில் ஜோசப் எடுத்துக்கொண்டார். இருட்டில் நேரும் ஒரு தடுமாற்றம், அதன் பின்னான கூச்சம், யாரிடமும் சொல்ல முடியாத அவமானம். வேறு கையில் ஆபாசமாகியிருக்கக்கூடிய விஷயம். அவரோ அந்த மனிதனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாமல் அறையின் அளவைக் குற்றவாளியாக்கினார். அவருடைய ஆக்கங்களுள் நான் முதலிடம் தருவது, நாவல்களையும் தள்ளி, இந்தச் சிறுகதைக்கே. லயம் பற்றிய எத்தனையோ ஆணைக்குழு அறிக்கைகள் செய்ய முடியாததை இச்சில பக்கங்கள் செய்கின்றன.

பின்னர் கொழும்புக்குப் பெயர்ந்து, இனிப்புத் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் கணக்காளராக வாழ்ந்தார். ‘நாமிருக்கும் நாடே’ தொகுதி 1979 இல் வெளிவந்து சாகித்திய விருது பெற்றது. 1983 யூலையில் பதுளை நகரும் எரிந்தது. கொழும்பில் சந்தேகத்தின் பேரில் கைதாகும் சாதாரணத் தமிழன் ஒருவனின் கதையை, நெடுங்காலம் கழித்து, 2010 இல் ‘குடை நிழல்’ நாவலாகத் தந்தார். இடையில் மற்றவர்களின் கதைகளைத் தேடித் தொகுப்பதிலும், ‘மலையகச் சிறுகதை வரலாறு’ எழுதுவதிலும் பல ஆண்டுகளைச் செலவிட்டார். நாவலாசிரியர் ஒருவர் சொந்த எழுத்தை ஒதுக்கிவைத்து அப்படிச் செய்வது அரிது. அதனால் அவருடைய நாவல்கள் சில எழுதப்படாமலே போயிருக்கவும் கூடும்.

2013 டிசம்பரில் கோயம்புத்தூரில் விஷ்ணுபுரம் விருது வழங்கப்பட்டபோது அவருக்கு வயது எழுபத்தொன்பது. தமிழ்நாட்டு வாசகர் பலர் அப்போதுதான் அவர் பெயரைக் கேள்விப்பட்டார்கள். மறு ஆண்டு இலங்கை அரசின் சாகித்திய ரத்னா விருது கிடைத்தது. 2022 ஒக்டோபர் 21 அன்று காலமானார். ஊவாவின் தோட்டங்களில் இன்றும் லய அறைகளில் குடும்பங்கள் வாழ்கின்றன.