வளைவில் நிலைகொண்ட வண்டி



ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்னும் பெயர்களைக் கேட்ட அளவிலே தோல் நம் நினைவுக்கு வரும். ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறிப் பதப்பட்ட தோல் காலணியாகவும் சேணமாகவும் பயன்பட்டதை நாம் அறிவோம். மோட்டார் வண்டியின் அடியில் இன்று நாம் காணும் எஃகு விற்களுக்கும் ஒரு காலத்தில் தோலே முன்னோடியாய் இருந்தது என்பதைப் பலர் அறியார். வண்டி வளைவில் நிலைகொள்ளக் கற்ற அந்த வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விழைகின்றேன்.

முதலில் வளைவில் என்ன நிகழ்கிறது என்று பார்ப்போம். சோலையார்பேட்டைக்கு அருகே பொன்னேரியிலிருந்து ஏலகிரிக்கு ஏறும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. புலவர்கள், வள்ளல்கள் ஆகியோரின் பெயர்களை அவை தாங்கி நிற்கின்றன. அவற்றுள் ஒன்றில் வண்டி திரும்பும்போது, அதன் உடல் நேராகவே செல்ல முனைகிறது. தரையைப் பற்றிய சக்கரங்களே அதனைத் திருப்புகின்றன. வண்டியின் பாரம் வெளிப்புறச் சக்கரங்களின்மீது சாய்கிறது. வேகம் இருமடங்கானால், வண்டியைத் திருப்புவதற்கு வேண்டிய விசை நான்கு மடங்காகும். அவ்வளவையும் தாங்குவது, தரையைத் தொடும் உள்ளங்கையளவு ரப்பரே. அந்தத் தொடுகை அற்றுப்போனால் ஓட்டுநர் எத்துணை வல்லவராயினும் பயனில்லை.

இந்தத் தொடுகையைக் காப்பதே வில்லமைப்பின் தலையாய பணி. ஆயினும் மனிதர் அதனை உணர்ந்தது மிகப் பிற்பட்டே. தொடக்கத்தில் அவர்கள் நாடியது சுகம் ஒன்றையே.

‘கோச்சு வண்டி’ என்று நாம் வழங்கும் சொல், அங்கேரி நாட்டில் வண்டிகளுக்குப் பெயர்பெற்ற கோச் என்னும் சிற்றூரிலிருந்து பிறந்தது. ஐரோப்பியக் கோச்சு வண்டிகளில் பயணிகள் அமரும் கூடு, தடித்த தோல்வார்களில் தொட்டில்போல் தொங்கவிடப்பட்டது. அமெரிக்காவில் கங்கார்டு நகரத்தில் 1827 முதல் செய்யப்பட்ட புகழ்பெற்ற பயண வண்டிகளும் தோல்வார்களின் மீதே அமைந்தன. தொட்டில் குழந்தைக்கு இனிது. வளைவில் விரையும் வண்டிக்கோ அந்த ஊசலாட்டம் இடர். 1804-ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்தில் ஒபதையா எலியட் என்பார் எஃகுப் பட்டைகளை இணைத்து, நீள்வட்ட வடிவான வில்லை அமைத்தார். வண்டியின் உடலை அச்சுக்கு அருகே தாழ்வாக வைக்க அவ்வமைப்பு இடந்தந்தது. நம் நாட்டில் செல்வர் வீட்டு முற்றங்களில் நின்ற ‘வில்வண்டி’ தன் பெயரிலேயே இந்த எஃகுப் பட்டையைத் தாங்கியிருக்கிறது.

வில் ஒரு முறை அமுங்கினால் பல முறை துள்ளும். அந்தத் துள்ளலை அடக்குவதற்கும் முதலில் தோலே துணைநின்றது. துருஃபோ என்ற பிரெஞ்சுக்காரர் 1900-ஆம் ஆண்டையொட்டி, எண்ணெயில் ஊறிய தோல் வட்டுகளின் உராய்வினால் துள்ளலைத் தணிக்கும் கருவியை அமைத்தார். ஆர்ட்ஃபர்டு என்னும் அமெரிக்கர் அதனைக் கார்களில் பரப்பினார். இன்றைய ஷாக் அப்சார்பருக்கு அதுவே மூதாதை. பின்னர் தோலின் இடத்தை எண்ணெயே பிடித்தது.

1930-களில் மாரிஸ் ஆலி என்ற பொறியாளர் வில்லமைப்பைக் கணித ஆராய்ச்சியாக மாற்றினார். முன்சக்கரங்கள் இரண்டும் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்பை, அவர் பணிபுரிந்த ஜெனரல் மோட்டார்ஸ் 1934-இல் தன் கார்களில் கொணர்ந்தது. வளைவில் முன்பக்கம் முதலில் பிடி இழப்பதா, பின்பக்கம் முதலில் இழப்பதா என்ற வேறுபாட்டைப் பெயரிட்டு விளக்கியவரும் அவரே. முன்பக்கம் நழுவினால் வேகத்தைக் குறைத்து மீள்வது பெரும்பாலும் எளிது. பின்பக்கம் நழுவினால் வண்டியே சுழன்றுவிடக்கூடும்.

இவ்வுண்மையை நம் சென்னையே பட்டறிந்தது. 1948-இல் தொடங்கப்பெற்ற ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம், 1961 முதல் ஹெரால்டு என்னும் காரைச் சென்னையில் செய்தது. அக்காலத்து அம்பாசடர், பியட் கார்களில் பின்சக்கரங்களை ஒரே இரும்பு அச்சு பிணைத்திருந்தது. ஹெரால்டிலோ பின்னச்சு இரு துண்டுகளாகி, நடுவில் மட்டும் மூட்டுக் கொண்டு, பறவையின் சிறகுபோல் ஏறி இறங்கியது. ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் மற்றது அசையாது. நல்ல எண்ணமே! ஆனால் கடும் வளைவில் வண்டியின் பின்புறம் மேலெழுந்தால், வெளிச்சக்கரம் உள்நோக்கி மடங்கும்; டயர் விளிம்பில் நிற்கும்; பிடி தளரும். பாரம் மிகுதியாக ஏற்றினாலோ சக்கரங்கள் மறுபுறம் சாய்ந்து, டயரின் உள்விளிம்பு தேயும்.

இக்குறைக்கு இரு நாடுகளும் இருவகை மருந்து கண்டன. இங்கிலாந்தில் இவ்வமைப்பையே கொண்டிருந்த ஸ்பிட்ஃபயர் காரில், 1970-இல் பின்வில்லின் பட்டைகளுள் பெரும்பாலானவற்றை நடுவில் இறுகக் கட்டாமல் ஊசலாட விட்டனர். உடல் சாய்வதைத் தடுக்கும் முன்புறத் தண்டை மட்டும் தடிப்பாக்கினர். பின்பக்கம் பிடி இழக்கிறது என்று அதனை இறுக்கவில்லை, தளர்த்தினர் என்பதைக் கவனியுங்கள்! சென்னையிலோ 1972-இல் வந்த கெசல் காரில் மடங்கும் அச்சை நீக்கி, பழைய ஒற்றை அச்சையே வைத்தனர். மடங்கும் அச்சு நம் நாட்டு வாடிக்கையாளருக்கும் மெக்கானிக்குகளுக்கும் உவப்பாய் இருக்கவில்லை. ஒன்று நுட்பமான மருந்து. மற்றொன்று எளிய மருந்து. தத்தம் சாலைக்கும் பட்டறைக்கும் ஏற்றதை ஒவ்வொருவரும் தேர்ந்தனர்.

இதனை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. என்னிடம் பயின்ற ஓர் இளைஞர், வண்டி தாழ்ந்தால் வளைவில் நன்றாக நிற்கும் என்று எங்கோ கேட்டு, தம் காரின் சுருள்விற்களில் ஒவ்வொரு சுற்றை அறுத்தெறிந்தார். தாழ்ந்த வண்டிக்கு நிலைப்பு மிகுதி என்பது உண்மையே. ஆனால் அறுபட்ட வில் குட்டையாவதோடு விறைத்தும் போகும். சக்கரம் ஏறி இறங்க இடமும் குறையும்; ஷாக் அப்சார்பரோ பழைய வில்லுக்கு ஏற்றதாகவே இருக்கும். ஏலகிரிப் பாதையில் இறங்கும்போது, வளைவின் நடுவே இருந்த ஒரு சிறு பள்ளத்தில் சக்கரம் துள்ளித் தரையை விட்டது. கைப்பிடிச் சுவர் அவரைக் காத்தது. தழும்பு ஏறிய கையுடன் அவர் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, “ஐயா, வண்டி கல்லாய் இறுகினால் போதுமென்று எண்ணினேன்” என்றார். பாடத்தை நான் அவருக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

நண்பர்களே, வேகத்தை விரும்புதல் இளமைக்கு இயல்பு. அதனை நான் குறைகூறேன். போட்டிக்கென்று தனியிடம் வேண்டும் என்றே அன்று சோழவரத்தின் பழைய விமானத் தளத்திலும், 1990 முதல் இருங்காட்டுக்கோட்டை ஓடுதளத்திலும் பந்தயங்கள் நடத்தினர். பொதுச் சாலையோ பள்ளிப் பிள்ளைக்கும் தோல் சுமந்து செல்லும் தொழிலாளிக்கும் உரியது. வண்டியைத் திருத்த விரும்புவோர் முதலில் தேய்ந்த டயரையும் தளர்ந்த ஷாக் அப்சார்பரையும் மாற்றட்டும். பிறகு வில், தண்டு, சக்கரச் சாய்வு ஆகியவற்றை ஒன்றோடொன்று பொருந்துமாறு, அறிந்தவர் துணைகொண்டு அமைக்கட்டும்.

தோல்வார் மிகத் தளர்ந்தது. அறுத்த சுருள்வில் மிக விறைத்தது. இரண்டும் வளைவில் கைவிட்டன. தரை எப்படி இருப்பினும் அதனோடு இயைந்து சென்று, அதன் பிடியை விடாத சக்கரமே வண்டியையும் அதில் அமர்ந்தவரையும் வீடு சேர்க்கிறது.