ப்ளூஸ் கித்தாரில் கார்டு சுரங்கள்

கார்டு சுரங்கள் என்பவை ஒரு கார்டை உருவாக்கும் சுரங்கள் ஆகும். இவற்றைச் சேர்த்து ஒலிக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக மீட்டுவது ஆர்பெஜியோ எனப்படும். பயணங்கள் முடிவதில்லை (1982) திரைப்படத்தில் இளையராஜா இசையமைத்த "இளைய நிலா" பாடலின் கித்தாரைக் கேட்டவர்களுக்கு இவ்வொலி பழக்கமானதே. அங்கு அது பாடலுக்குத் துணையாக வருகிறது. ப்ளூஸ் இசையில், மனோதர்மமாக வாசிக்கும் கலைஞர் பின்னணியில் கார்டு மாறுவதைத் தம் வாசிப்பிலேயே உணர்த்த இதனைப் பயன்படுத்துகிறார்.

அடிப்படை

ப்ளூசின் வழக்கமான வடிவம் 12 பார்களைக் கொண்ட சுழற்சி ஆகும். ஒவ்வொரு பாரும் நான்கு எண்ணிக்கை உடையது. ஏ சுருதியில் முதல் நான்கு பார்களில் ஏ7, அடுத்த இரண்டில் டி7, அடுத்த இரண்டில் மீண்டும் ஏ7 ஒலிக்கும். ஒன்பதாவதில் ஈ7, பத்தாவதில் டி7 வந்து, பின் ஏ7க்குத் திரும்பும். ஏ சுரத்தை சட்சமமாகக் கொண்டால் இக்கார்டுகள் பின்வருமாறு அமையும்:

ஏ7: ச, க3, ப, நி2
டி7: ம1, த2, ச, க2
ஈ7: ப, நி3, ரி2, ம1

கித்தார் பயில்வோர் முதலில் கற்பது பெரும்பாலும் மைனர் பென்டடானிக் எனும் ஐந்து சுர வரிசையாகும் (ச க2 ம1 ப நி2). கருநாடக இசையில் சுத்த தன்யாசியின் சுரங்களும் இவையே. மூன்று கார்டுகளின் மேலும் இவ்வரிசையை வாசிக்கலாம். பெரிதாக எதுவும் பிழைக்காது. ஆனால் இதை மட்டுமே வாசித்தால், கார்டு மாறியது கேட்பவருக்குப் பின்னணியிலிருந்துதான் தெரியும். தம்புராவின் மாறாத சட்சமத்துக்குப் பழகிய செவிக்கு இது குறையாகவே தோன்றாமலும் போகலாம். இராகத்தில் ஆதாரம் நிலையாக நிற்கிறது. ப்ளூசில் அது காலடியிலேயே நகர்கிறது.

மூன்றாவதும் ஏழாவதும்

ஒரு கார்டின் அடையாளத்தைத் தெளிவாகக் காட்டுபவை அதன் மூன்றாவது, ஏழாவது சுரங்கள் ஆகும். ஏ7இல் இவை க3, நி2. கித்தாரில் க3 மூன்றாம் தந்தியின் ஆறாம் மெட்டிலும், நி2 நான்காம் தந்தியின் ஐந்தாம் மெட்டிலும் உள்ளன. இரு விரல்களையும் ஒரு மெட்டு கீழே இறக்கினால் க2, த2 கிடைக்கும். அவை டி7இன் ஏழாவதும் மூன்றாவதும் ஆகும். ஏ7இலிருந்து ஒரு மெட்டு மேலே ஏற்றினால் ம1, நி3 கிடைக்கும். அவை ஈ7க்கு உரியவை. ஆக, மூன்று கார்டுகளும் நான்கு மெட்டுகளுக்குள் அடங்கிவிடுகின்றன.

ஐந்தாவது பாரின் முதல் எண்ணிக்கையில் க3 சரியாக க2 ஆவதே இம்முறையின் உயிர்நாடி எனலாம். க3யையே பிடித்துக்கொண்டிருந்தால் அது டி7இல் உள்ள க2உடன் மோதும். மாறாக, ஏ7இன் மேல் க2வைத் தந்தியை இழுத்து க3யை நோக்கிச் சற்றே உயர்த்துவது ப்ளூசின் தனிச்சுவை. கமகம் அறிந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

ஆர்பெஜியோவை ஏறுவரிசையில் அப்படியே ஒப்பித்தால் பயிற்சிப் பாடம் போல ஒலிக்கும். வழக்கமான சொற்றொடரை வாசித்து, கார்டு மாறும் இடத்தில் மட்டும் கார்டு சுரத்தில் இறங்குவதே சிறந்த வழியாகும்.

கலைஞர்கள்

டி-போன் வாக்கர் (1910–1975), ஜாஸ் கலைஞர் சார்லி கிறிஸ்டியன் (1916–1942) ஆகியோரின் மின்கித்தார் வாசிப்பில் கார்டு சுரங்களின் பயன்பாட்டைக் கேட்கலாம். பி. பி. கிங் (1925–2015) மேஜர், மைனர் சுரங்களைக் கலந்து வாசித்தார். ஆல்பர்ட் கிங் (1923–1992) பெரும்பாலும் ஐந்து சுரங்களையும் தந்தி இழுப்பையும் கொண்டே புகழ்பெற்றார். எனவே இம்முறை ப்ளூசுக்குக் கட்டாயம் அன்று.

தமிழ்நாட்டில்

இராணிப்பேட்டையில் பிறந்த கித்தார் கலைஞர் ஆர். பிரசன்னா, சென்னை இந்திய தொழில்நுட்பக் கழகத்திலும் அமெரிக்காவின் பெர்க்லி இசைக் கல்லூரியிலும் பயின்றவர். கருநாடக இசையையும் ஜாசையும் கித்தாரில் வாசிக்கும் இவர், ப்ளூசில் வேரூன்றிய ஜிமி ஹெண்ட்ரிக்சுக்குக் காணிக்கையாக எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட் (2006) இசைத்தொகுப்பை வெளியிட்டார். திண்டிவனத்துக்கு வடகிழக்கே, செய்யூர்ப் பகுதியில் 2010இல் தொடங்கப்பட்ட சுவர்ணபூமி இசைக் கழகத்துக்கு இவர் தலைமை வகித்தார்.