வீட்டுக் காவலும் வெளிநாட்டுப் போரும்



விடியற்காலையில் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவதை நம்மில் பலர் கண்டிருப்போம். செக்ரோல் புத்தகத்தில் நூறு பெயர்கள் இருக்கலாம். ஆனால் அன்றைய வேலை, புத்தகத்தில் உள்ள நூறு பெயர்களால் நடப்பதில்லை. களத்தில் வந்து நிற்கிற ஆட்களால்தான் நடக்கிறது. ஒருவர் காய்ச்சலில் கிடப்பார். சிலரை வேறொரு டிவிஷனுக்கு அனுப்பியிருப்பார்கள். அவர்களோடு லாரியும் போயிருக்கும். அன்று பார்த்துப் பெருமழை பெய்து ஆற்றுநீர் லயத்துக்குள் புகுந்தால், புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து என்ன பயன்?

இந்த எளிய உண்மையை, உலகின் செல்வமிக்க நாடுகளில் ஒன்று எப்படிப் பெருந்துன்பத்தின் நடுவே உணர்ந்தது என்பதையே இன்றைய உரையில் காணப் போகிறோம். அந்த நாடு அமெரிக்கா. நிகழ்ச்சி, 2005ஆம் ஆண்டில் வீசிய கத்ரீனா புயல்.

முதலில் ஒரு படையைப் பற்றித் தெரிந்துகொள்வோம். அமெரிக்காவில் முழுநேர இராணுவத்தைத் தவிர, தேசியக் காவற்படை என்று ஒன்று உண்டு. இதில் சேருகிறவர்கள் நம்மைப் போன்ற சாதாரணக் குடிமக்கள். ஒருவர் பள்ளி ஆசிரியராக இருப்பார்; இன்னொருவர் லாரி ஓட்டுநராக இருப்பார்; மற்றொருவர் மருத்துவமனைத் தாதியாக இருப்பார். மாதத்தில் ஒரு வார இறுதியும், ஆண்டில் இரண்டு வாரமும் பயிற்சி பெறுவார்கள். மற்ற நாட்களில் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வெள்ளம், புயல், காட்டுத் தீ என்று ஆபத்து வந்தால், மாநில ஆளுநர் அழைத்த உடனே சீருடை அணிந்து வந்து நிற்பார்கள்.

இந்தப் படையின் வரலாறு மிகப் பழையது. 1636ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் அமைக்கப்பட்ட ஊர்க்காவல் அணிகளையே இதன் தொடக்கமாகக் கூறுவர். பிற்காலத்தில் 1903, 1916, 1933 ஆகிய ஆண்டுகளில் இயற்றப்பட்ட சட்டங்கள், இந்தப் படையை நாட்டின் இராணுவத்தோடு இணைத்தன. அதன் விளைவாகக் காவற்படை வீரருக்கு இரண்டு எசமானர்கள் ஏற்பட்டார்கள். அமைதிக் காலத்தில் அவரை அழைப்பவர் மாநில ஆளுநர். போர்க் காலத்தில் அவரை அழைப்பவர் நாட்டின் அதிபர். இருவரும் ஒரே நேரத்தில் அழைத்தால் என்ன ஆகும்? சட்டப்படி அதிபரின் அழைப்பே முந்தும்.

இரண்டாம் உலகப் போர் நெருங்கியபோதே இந்தச் சிக்கல் தலைகாட்டியது. 1940ஆம் ஆண்டில் தேசியக் காவற்படை முழுவதையும் இராணுவ சேவைக்கு அழைக்கத் தொடங்கினார்கள். "எங்கள் மாநிலத்தில் ஆபத்து வந்தால் யார் பார்ப்பது?" என்ற கேள்வி அப்போதே எழுந்தது. ஆகவே அதே ஆண்டில், மாநிலங்கள் தங்களுக்கென்று தனிக் காவல் அணிகளை அமைத்துக்கொள்ள நாடாளுமன்றம் அனுமதி வழங்கியது. போருக்குப் போகும் வயதைக் கடந்தவர்கள் பலர் அவற்றில் சேர்ந்து, ஊரைப் பார்த்துக்கொண்டார்கள். வெளியே போகிறவனுக்குப் பதிலாக வீட்டில் ஓர் ஆளை வைத்துவிட்டுப் போகவேண்டும் என்பதை அந்தத் தலைமுறை அறிந்திருந்தது.

வியட்நாம் போரின்போது நிலைமை வேறு. அதிபர் ஜான்சன், காவற்படையினரை மிகக் குறைவாகவே அழைத்தார். அந்தப் போர் முடிந்த பிறகு, 1970களில், இராணுவத் தலைமை புதிய ஏற்பாடு ஒன்றைச் செய்தது. முழுநேரப் படையும் சேமப் படையும் சேர்ந்தே ஒரே படையாக இயங்கவேண்டும் என்பதே அது. சாலை போடும் பொறியியல் அணிகள், சரக்கு ஏற்றும் லாரி அணிகள், மருத்துவ அணிகள், இராணுவக் காவல் அணிகள் ஆகியவற்றில் பெரும் பகுதி, சேமப் படைகளிடம் ஒப்படைக்கப்பட்டது.

நேயர்களே, இங்கேதான் நாம் கவனிக்கவேண்டிய முடிச்சு இருக்கிறது. பொறியாளர், லாரி, மருத்துவர், காவலர் ஆகிய இந்த நான்கும் போருக்குத் தேவை. வெள்ளம் வந்தாலும் இதே நான்குதான் தேவை. ஆகவே தொலைதூரப் போருக்கு இந்த அணிகள் புறப்பட்டால், வீட்டில் எது அவசியமோ அதுவே முதலில் குறைந்துபோகும்.

ஆளுநர்கள் சிலர் இதை எதிர்த்துப் பார்த்தார்கள். 1980களில், தங்கள் காவற்படையை மத்திய அமெரிக்க நாடுகளுக்குப் பயிற்சிக்கு அனுப்ப அவர்கள் சம்மதிக்கவில்லை. அந்தத் தடுப்பு அதிகாரத்தை 1986ஆம் ஆண்டில் ஒரு சட்டம் பறித்தது. மின்னசோட்டா மாநில ஆளுநர் ரூடி பெர்பிச் வழக்குத் தொடுத்தார். 1990ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், நாட்டு அரசின் பக்கமே தீர்ப்பு வழங்கியது.

இனி 2005ஆம் ஆண்டுக்கு வருவோம். ஈராக் போர் மூன்றாம் ஆண்டில் நடந்துகொண்டிருந்தது. மெக்சிக்கோ வளைகுடாக் கரையிலுள்ள லூசியானா மாநிலத்தின் 256ஆம் காவற்படைப் பிரிவைச் சேர்ந்த சுமார் 3,000 வீரர்கள் பாக்தாத் பகுதியில் இருந்தார்கள். பக்கத்து மாநிலமான மிசிசிப்பியின் 155ஆம் பிரிவும் ஈராக்கில்தான் இருந்தது. இந்த இரண்டு மாநிலங்களையும்தான் கத்ரீனா தாக்கியது.

ஆகஸ்டு 29ஆம் நாள், திங்கட்கிழமை காலை, புயல் கரையைக் கடந்தது. மிசிசிப்பிக் கரையில் கடல்நீர் 27 அடிக்கும் மேலாக உயர்ந்து ஊர்களை வாரிக்கொண்டு போயிற்று. நியூ ஓர்லியன்ஸ் நகரின் பாதியளவு நிலம் கடல் மட்டத்தைவிடத் தாழ்ந்தது. அதைக் காத்து நின்றவை வெள்ளத் தடுப்புக் கரைகள். அந்தக் கரைகள் பல இடங்களில் உடைந்தன. நகரின் 80 விழுக்காடு நீரில் மூழ்கியது. மக்கள் கூரைகளின் மேல் ஏறி நின்று, துணியை அசைத்து உதவி கேட்டார்கள். சூப்பர்டோம் என்னும் விளையாட்டரங்கில் 20,000க்கும் மேற்பட்டோர் மின்சாரமும் போதிய நீரும் இன்றித் தவித்தார்கள். நகரின் மாநாட்டு மண்டபத்தில் ஒதுங்கிய ஆயிரக்கணக்கானவர்களுக்கு உணவு லாரிகள் வந்து சேர்ந்தது செப்டம்பர் 2ஆம் நாள், வெள்ளிக்கிழமைதான். அந்தப் புயலில் இறந்தவர்கள் 1,300க்கும் அதிகம். அவர்களில் முதியவர்களும் ஏழைகளும் மிகுதி. கார் இல்லாதவர்கள், புயலுக்கு முன்பே ஊரைவிட்டு வெளியேற வழி இல்லாதவர்கள் அவர்கள்.

அப்படியானால், ஈராக்குக்குப் படை போனதுதான் இத்தனைக்கும் காரணமா? அப்படி ஒரே வரியில் சொல்லிவிட்டால் அது நியாயமாகாது. வெள்ளத் தடுப்புக் கரைகள் பலவீனமாகக் கட்டப்பட்டிருந்தன. நகரத்தைக் காலி செய்யும் உத்தரவு தாமதமாக வந்தது. பேருந்துகள் நேரத்துக்குக் கிடைக்கவில்லை. நாட்டு அரசும் மாநில அரசும், யார் தலைமை ஏற்பது என்று இழுபறியில் இருந்தன. அதோடு, லூசியானா காவற்படையின் தலைமையகமே நியூ ஓர்லியன்ஸில் தாழ்வான இடத்தில் இருந்தது. அதுவும் வெள்ளத்தில் மூழ்கியது. மீட்புக்கென்று அங்கே நிறுத்திவைத்திருந்த லாரிகளும் நீரில் அகப்பட்டன. ஊரில் இருந்த வீரர்களோ ஆயிரக்கணக்கானோர். அவர்கள் படகிலும் ஹெலிகாப்டரிலும் சென்று இரவு பகலாக மக்களைக் காப்பாற்றினார்கள். அந்த உழைப்பை நாம் குறைத்துச் சொல்லக்கூடாது.

ஆனால் இல்லாதவர்களின் குறையும் தெரியத்தான் செய்தது. காவற்படை முழுவதற்கும் தலைமை அலுவலராக இருந்த ஜெனரல் ஸ்டீவன் பிளம் என்பவரே, அந்த இரண்டு பிரிவுகளும் ஊரில் இருந்திருந்தால் அவற்றின் திறமை பயன்பட்டிருக்கும் என்றும், அவை இல்லாததால் ஏறக்குறைய ஒரு நாள் தாமதம் ஏற்பட்டிருக்கலாம் என்றும் கூறினார். ஒரு நாள்தானே என்று நாம் எண்ணலாம். கூரையின் மேல், கடும் வெயிலில், குடிக்க நீரின்றி, கைக்குழந்தையை வைத்துக்கொண்டிருக்கும் தாய்க்கு ஒரு நாள் என்பது எவ்வளவு நீளம்!

ஆள் குறைவைவிடக் கருவிக் குறைவு இன்னும் பெரியது. ஈராக்குக்குப் புறப்படும் அணிக்கு லாரியோ வானொலிக் கருவியோ குறைந்தால், வீட்டில் இருக்கும் அணியிடமிருந்து எடுத்துக் கொடுப்பது வழக்கமாயிற்று. நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகம், 2005ஆம் ஆண்டு ஜூலை மாதம் வரையில் இவ்வாறு கைமாறிய பொருள்கள் 100,000க்கும் அதிகம் என்று கணக்கிட்டது. வெளிநாட்டுக்குப் போன பொருள்கள் பல, அடுத்து வரும் அணிக்காக அங்கேயே விட்டுவைக்கப்பட்டன. ஆள் திரும்பி வந்தாலும் லாரி திரும்பி வரவில்லை. சக்கை வாளி இல்லாத ஆளை மழைநாளில் கூப்பிட்டு என்ன செய்வது என்று நம் தோட்டத்துப் பெரியவர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்விதான் இது.

இன்னொரு குறையும் உண்டு. வெளி மாநிலத்தார் உதவிக்கு வந்தார்கள். 1996ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்ட ஓர் உடன்படிக்கையின்படி, மாநிலங்கள் ஒன்றுக்கொன்று படை அனுப்பி உதவலாம். இரண்டு வாரத்துக்குள் 50,000 பேரளவில் காவற்படையினர் நாடெங்கிலுமிருந்து வந்து குவிந்தார்கள். இது பாராட்டுக்குரியது. ஆனால் பல நூறு மைல் கடந்து வரவேண்டும். எந்தத் தெரு எங்கே போகிறது, எந்த வீட்டில் நடக்க இயலாத கிழவர் இருக்கிறார் என்பது வெளியூராருக்குத் தெரியாது. ஊர்க்காரனுக்கே தெரியும்.

நேயர்களே, பாக்தாதில் இருந்த அந்த லூசியானா வீரர்களையும் சற்று எண்ணிப் பாருங்கள். தங்கள் ஊர் மூழ்குவதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டு, வேறொரு நாட்டுப் பாலைவனத்தில் துப்பாக்கியோடு நின்றார்கள். மனைவி மக்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று அறிய முடியாமல் பலர் துடித்தார்கள். செப்டம்பர் மாதத்தில் அவர்கள் நாடு திரும்பியபோது, பலருக்குத் திரும்பிப் போக வீடு இல்லை. ஊரைக் காப்பதற்கென்று சேர்ந்தவன், தன் வீட்டையே காக்க முடியாமல் போன துயரம் அது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 2007ஆம் ஆண்டு மே 4ஆம் நாள், கான்சஸ் மாநிலத்தின் கிரீன்ஸ்பர்க் என்னும் சிற்றூரைச் சூறாவளி தாக்கியது. ஊரில் 95 விழுக்காடு அழிந்தது. அப்போதைய ஆளுநர் கேத்லீன் செபீலியஸ், இடிபாடுகளை அகற்றும் வாகனங்கள் ஈராக்கில் இருப்பதால் மீட்பு வேலை தாமதப்படுகிறது என்று வெளிப்படையாகக் குறைகூறினார். வெள்ளை மாளிகை அதை மறுத்தது. என்றாலும் அந்தக் கேள்வி நாடெங்கும் பேசப்பட்டது.

இவற்றின் பயனாகச் சில மாறுதல்கள் ஏற்பட்டன. ஒரு மாநிலத்தின் காவற்படையில் பாதிப்பேராவது எப்போதும் ஆளுநரின் கைவசம் இருக்கும்படி பார்த்துக்கொள்வதாகக் காவற்படைத் தலைமை உறுதி கூறியது. 2011ஆம் ஆண்டு இறுதியில் வந்த சட்டம், காவற்படைத் தலைவருக்கு நாட்டின் உயர்ந்த படைத்தலைவர்கள் குழுவில் இடம் கொடுத்தது. நாட்டு அரசின் மற்றச் சேமப் படைகளையும், ஆளுநர் கேட்டால், இயற்கைப் பேரிடருக்கு அழைக்கலாம் என்று அதே சட்டம் வழிசெய்தது.

இந்த வரலாறு நமக்குச் சொல்வது என்ன? ஒரே ஆளுக்கு இரண்டு கடமை கொடுப்பதில் தவறில்லை. சிக்கனமான நாடுகள் அப்படித்தான் செய்கின்றன. ஆனால் ஒரு கடமைக்கு அவரை அனுப்பும் நாளிலேயே, மற்றக் கடமையை யார் பார்ப்பார், எந்தக் கருவியைக் கொண்டு பார்ப்பார் என்று பெயர் சொல்லிக் குறித்து வைக்கவேண்டும். மழைக்காலத்தில் ஆறு பெருகும்போது, படகோடு வரும் சீருடைக்காரரை நம் நாட்டு மக்களும் எதிர்பார்த்து நிற்பதுண்டு. அவர் வருவாரா என்பது வெள்ளத்தன்று முடிவாவதில்லை. வானம் தெளிவாக இருந்த ஏதோ ஒரு நாளில், ஒரு மேசையின் மேல், முன்பே முடிவாகிவிடுகிறது. அந்த நாளில் யாராவது ஒருவர் பெரட்டுக் களத்தைப் பார்த்து, "இங்கே இன்று நிற்கிறவர் எத்தனை பேர்?" என்று கேட்டிருந்தால், கூரையின் மேல் நிற்கும் தாய்க்கு அந்த ஒரு நாள் மிச்சமாகும்.