நார்டிக் நாடுகளில் பணியிடக் கணினியும் தொழிலாளர் பங்கேற்பும்

பணியிடத்தில் நிறுவப்படும் கணினி அமைப்புகளை, அவற்றோடு வேலை செய்யவிருக்கும் தொழிலாளர்களும் சேர்ந்தே திட்டமிட வேண்டும் என்னும் கொள்கை 1970களில் நார்வே, சுவீடன், டென்மார்க் ஆகிய நாடுகளில் உருவானது. பின்னாளில் இது 'பங்கேற்பு வடிவமைப்பு' எனப் பெயர் பெற்றது. ஒரு கருவி தொழிலாளியை விரட்டும் சாட்டையாகுமா, அவரது கைத்திறனுக்குத் துணையாகுமா என்பது, அதைத் திட்டமிடும்போது யாருடைய சொல் எடுபட்டது என்பதைப் பெரிதும் பொறுத்தது. இவ்வரலாற்றின் மையக் கருத்து இதுவே.

பின்னணி

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பொறியாளர் பிரெடரிக் டெய்லர், தொழிற்சாலை வேலையைச் சிறு சிறு அசைவுகளாகப் பிரித்து நேரம் குறிக்கும் முறையைப் பரப்பினார். சிந்திப்பதும் திட்டமிடுவதும் மேலாளரின் பொறுப்பு, செய்து முடிப்பது தொழிலாளியின் பொறுப்பு என்பது அதன் அடிப்படை. 1960களில் கணினி தொழிற்சாலைக்குள் வந்தபோது இம்முறைக்குப் புதிய வலிமை கிடைத்தது. எந்த வேலையை எந்த எந்திரத்தில் எத்தனை நிமிடத்தில் முடிக்க வேண்டும் என்பதை, முன்பு தொழிலாளியும் மேற்பார்வையாளரும் பட்டறையிலேயே பேசி முடிவு செய்ய இடமிருந்தது. கணினி வழித் திட்டமிடல் அம்முடிவைப் பட்டறைக்கு வெளியே கொண்டு சென்றது.

கிரிஸ்டன் நைகார்ட்

நார்வே நாட்டவரான கிரிஸ்டன் நைகார்ட் (1926–2002), ஓலே-யோஹான் டாலுடன் சேர்ந்து ஆஸ்லோவில் உள்ள நார்வே கணிப்பு மையத்தில் 'சிமுலா' நிரல்மொழியை உருவாக்கியவர். இப்பணிக்காக இருவருக்கும் 2001ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது வழங்கப்பட்டது. தொழிற்சாலை போன்ற சிக்கலான அமைப்புகளின் இயக்கத்தைக் கணினியில் போலச்செய்து ஆராய்வதற்காகவே சிமுலா முதலில் உருவானது. தாம் படைத்த கருவி, தொழிலாளர்களுக்குத் தெரியாமலேயே அவர்களது வேலையை மாற்றியமைக்கப் பயன்படக்கூடும் என்பதை நைகார்ட் உணர்ந்தார். எனவே அவர் தொழிற்சங்கத்தின் பக்கம் திரும்பினார்.

உலோகத் தொழிலாளர் சங்கத் திட்டம்

1970களின் தொடக்கத்தில் நார்வேயின் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கமும் நைகார்டின் குழுவும் கூட்டாக ஓர் ஆய்வைத் தொடங்கின. ஆய்வாளர்கள் தொழிற்சாலைகளை ஆராய்ந்து அறிக்கை தருவது என்பதே முதல் எண்ணம். அறிக்கைகளால் மட்டும் பட்டறையில் எதுவும் மாறாது என்பது விரைவிலேயே புலப்பட்டது. அதனால் திட்டத்தின் 'விளைவு' எது என்பதையே அவர்கள் மாற்றி வரையறுத்தனர். திட்டத்தின் உதவியுடன் சங்கம் எடுக்கும் ஒவ்வொரு நடவடிக்கையும் விளைவாகக் கொள்ளப்பட்டது. தொழிலாளர்கள் குழுக்களாகக் கூடித் தத்தம் ஆலையின் திட்டமிடல் முறைகளை ஆராய்ந்தனர். அவர்கள் படிப்பதற்கென்றே கணினி, நிர்வாகம் பற்றிய பாடநூல் எழுதப்பட்டது.

தரவு ஒப்பந்தங்களும் சட்டமும்

இம்முயற்சியிலிருந்து 'தரவு ஒப்பந்தங்கள்' பிறந்தன. 1975இல் நார்வேயின் தொழிற்சங்கக் கூட்டமைப்பும் முதலாளிகள் சங்கமும் நாடு தழுவிய ஒப்பந்தம் ஒன்றைச் செய்துகொண்டன. புதிய கணினி அமைப்பு பற்றிய தகவலை முடிவெடுப்பதற்கு முன்பே, துறை வல்லுநர் அல்லாதவருக்கும் விளங்கும் மொழியில் நிர்வாகம் தர வேண்டும் என்று அது விதித்தது. இவ்விவகாரங்களைக் கவனிக்கத் தனிப் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கவும் தொழிலாளர்களுக்கு வழி ஏற்பட்டது. 1977ஆம் ஆண்டின் நார்வே பணிச்சூழல் சட்டம், வேலையைத் திட்டமிடும் அமைப்புகள் குறித்துத் தகவலும் பயிற்சியும் பெறவும் அவற்றின் வடிவமைப்பில் பங்கேற்கவும் தொழிலாளருக்கு உரிமை அளித்தது. சுவீடனில் 1976இல் நிறைவேறிய கூட்டு முடிவெடுப்புச் சட்டம் 1977இல் நடைமுறைக்கு வந்தது.

யுடோபியா திட்டம்

உரிமை கிடைத்தபின் மற்றொரு சிக்கல் எழுந்தது. சந்தையில் உள்ள அமைப்புகள் எல்லாமே நிர்வாகத்தின் தேவைக்காகச் செய்யப்பட்டவையாக இருந்தால், தொழிலாளர் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது? இதற்கு விடைதேடி 1981 முதல் 1985 வரை நடந்ததே 'யுடோபியா' திட்டம். நார்டிக் அச்சுத் தொழிலாளர் சங்கமும், பெல்லே என், சூசன் பியோட்கர், மார்ட்டன் கிங் முதலிய சுவீடன், டென்மார்க் ஆய்வாளர்களும் இதில் இணைந்தனர்.

நாளிதழ் அச்சகங்களில் ஈய எழுத்துகள் மறைந்து கணினிப் பக்க அமைப்பு வந்துகொண்டிருந்த காலம் அது. பிரிட்டனில் புதிய தொழில்நுட்பம் தொடர்பான பூசலால் 'தி டைம்ஸ்' நாளிதழ் 1978 டிசம்பர் முதல் 1979 நவம்பர் வரை வெளிவரவில்லை. 1986இல் லண்டனின் வாப்பிங் பகுதிக்கு அச்சகம் மாற்றப்பட்டபோது ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தனர்.

யுடோபியா குழு வேறு வழியை நாடியது. பக்கம் அமைக்கும் தொழிலாளர்களும் ஆய்வாளர்களும் அட்டைப்பெட்டி, ஒட்டுப்பலகை, காகிதம் ஆகியவற்றால் கணினித் திரை, அச்சுப்பொறி போன்றவற்றின் உருமாதிரிகளைச் செய்தனர். அவற்றின் முன் அமர்ந்து, உண்மையான வேலையைச் செய்வதுபோலவே செய்து பார்த்தனர். வாயால் விளக்க முடியாத தொழில்நுணுக்கம் கையசைவில் வெளிப்பட்டது. அட்டைப்பெட்டியில் பிழை கண்டால் கத்திரிக்கோலாலேயே திருத்திவிடலாம் என்பதால், நிரல் எழுதத் தெரியாதவரும் வடிவமைப்பாளர் ஆனார். இவ்வழி உருவான அமைப்பு ஸ்டாக்ஹோமின் 'அஃப்டன்பிளாடெட்' நாளிதழில் சோதிக்கப்பட்டது.

குறைகள்

இம்முயற்சிகள் எல்லாம் வெற்றி பெறவில்லை. யுடோபியாவில் உருவான அமைப்பு சந்தையில் பரவவில்லை. பத்திரிகையாளர்கள் வேறு சங்கத்தைச் சேர்ந்தவர்கள் என்பதால் அவர்கள் திட்டத்தில் முழுமையாக இடம்பெறவில்லை. ஒரே பக்கத்தை உருவாக்கும் இரு தரப்பினரில் ஒருவரே மேசையில் இருந்தனர். பின்னாளில் உருமாதிரி செய்து பார்க்கும் முறை உலகெங்கும் மென்பொருள் நிறுவனங்களின் வழக்கமானது. ஆனால் அம்முறையோடு பிறந்த தொழிலாளர் உரிமை அதே அளவில் பரவவில்லை.

இன்றைய தொடர்ச்சி

உணவு விநியோகம், வாடகைக் கார் போன்ற செயலிவழி வேலைகளில் பணியை ஒதுக்குவதும் தரவரிசை இடுவதும் கணக்கை முடக்குவதும் இன்று படிமுறைத் தீர்வுகளால் நடைபெறுகின்றன. இவற்றைக் கட்டுப்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் செயலிவழிப் பணி பற்றிய ஆணை ஒன்றை ஏற்றது. தொழிலாளியின் உணர்ச்சி நிலை, மனநிலை பற்றிய தரவுகளைத் தானியங்கி அமைப்புகள் கையாள அது தடை விதிக்கிறது. ஒருவரது கணக்கை முடக்கும் அல்லது நீக்கும் முடிவை மனிதரே எடுக்க வேண்டும் என்கிறது. தொழிலாளர் பிரதிநிதிகள் தாங்கள் விரும்பும் வல்லுநர் ஒருவரின் உதவியைப் பெறவும் அது இடமளிக்கிறது. அரை நூற்றாண்டுக்கு முன் நார்வே உலோகத் தொழிலாளர் சங்கத்துக்கு நைகார்ட் ஆற்றிய பணியும் இதுவே.