சேந்தமங்கலம் அவதூத மரபு

நாமக்கல் மாவட்டம் சேந்தமங்கலத்தை அடுத்த சன்னியாசிக் கரட்டை மையமாகக் கொண்ட அத்வைதத் துறவு மரபு இது. இறையைத் தன்னுள்ளேயே உணர்வது இதன் நோக்கம்; சாத்திரக் கல்வியும் மௌனமும் ஆன்ம விசாரமும் அதற்கான வழிகள்.

இம்மரபினர் நெரூர் சதாசிவ பிரம்மேந்திரரைத் தம் முன்னோடியாகப் போற்றுகின்றனர். பிரம்ம சூத்திரத்துக்கும் பதஞ்சலியின் யோக சூத்திரத்துக்கும் உரை வகுத்த பேரறிஞர் அவர். பண்டிதர்களை ஓயாமல் வாதுக்கு அழைத்த அவரை, வாயடக்கக் கற்பது எப்போது என்று குரு பரமசிவேந்திரர் கேட்க, அன்றே மௌனம் பூண்டார் என்பது வழிவழிச் செய்தி. புதுக்கோட்டை மன்னர் விஜயரகுநாதத் தொண்டைமானுக்குத் திருவரங்குளம் காட்டில் மணலில் விரலால் எழுதியே உபதேசித்தார் என்றும், அம்மணல் அரண்மனையில் வழிபடப்பட்டது என்றும் கூறுவர். அவரது அதிஷ்டானம் (சமாதிக் கோயில்) கரூரை அடுத்த நெரூரில் வில்வ மரத்தடியில் உள்ளது.

சேந்தமங்கலத்தில் மரபை நிலைநாட்டியவர் சுவயம்பிரகாச சுவாமிகள் (1871–1948). நீதிபதிப் பதவியைத் துறந்து சன்னியாசம் ஏற்ற புதுக்கோட்டை ஜட்ஜ் சுவாமிகள் இவருடைய குரு. உடையும் உடைமையும் விட்ட அவதூதராக, சுவயம்பிரகாசர் கரட்டுக் குகையில் தவமிருந்தார். தத்தாத்ரேயர் கோயிலும் சுவாமிகளின் அதிஷ்டானமும் அங்கு அமைந்துள்ளன. பாகவதத்தின் பதினோராம் கந்தத்தில் மண், காற்று, தேனீ உள்ளிட்ட இருபத்து நான்கு குருக்களிடம் பாடம் கற்றதாகச் சொல்லும் அவதூதர் தத்தாத்ரேயரே என்பது மரபின் கொள்கை.

சாதனை முறைக்கு அடிப்படை பிருகதாரண்யக உபநிடதம். யாக்ஞவல்கியர் மைத்ரேயிக்கு உரைத்தபடி, ஆன்மாவைப் பற்றிக் கேட்டல், கேட்டதை ஐயமறச் சிந்தித்தல், தெளிந்ததில் நிலைத்து நிற்றல் என அம்முறை மூன்று படி கொண்டது. முதற்படிக்கு நூலும் குருவும் வேண்டும்; இரண்டாம் படியில் சாதகரின் அறிவே கருவி; மூன்றாம் படியில் எண்ணமும் அடங்கும். ஆகவே மௌனம் கல்வியைக் கைவிடுவதன்று, கற்றது அனுபவமாகக் கனிவது. உடலும் மனமும் அறியப்படுபவை, அவற்றை அறிந்துநிற்கும் உணர்வே ஆன்மா எனப் பகுத்துணர்வதே விசாரம்.

சுவயம்பிரகாசரின் சீடர் சாந்தானந்த சுவாமிகள் இம்மரபை இல்லறத்தாரின் வழிபாட்டோடு இணைத்தார். ஜட்ஜ் சுவாமிகளின் அதிஷ்டானம் உள்ள இடத்தில் புதுக்கோட்டை புவனேஸ்வரி கோயிலையும், சேலம் உடையாப்பட்டியில் கந்தாசிரமத்தையும் எழுப்பினார். கந்தாசிரமத்தில் முருகனும் பதினெண்கை மகாலட்சுமியும் எதிரெதிரே வீற்றிருக்கின்றனர்.